என் எக்கோ ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்றுதான் இருந்தது

“டீச்சர், நீங்க என்ன மொழியில பேசுறீங்க?” என்று அந்தப் பையன் சிரித்துக்கொண்டே கேட்டான். தொடக்கநிலை நான்கு படிப்பவன். போன வருடம் பொங்கலுக்குத் திருச்சி போய்த் திரும்பிய ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை பத்து மணி. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவனுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். “பேனாவை எடு” என்று சொல்ல நினைத்தேன், “கதவை எடு” என்று வந்தது. திருத்திக்கொள்ளப் பார்த்தால் மறுபடியும் கதவு. மனதுக்குள் பேனா என்ற சொல் பளிச்சென்று இருக்கிறது, வாய்க்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது. சரி, எழுதியே காட்டுவோம் என்று நோட்டில் “அன்புள்ள” என்று எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் “அன்ள்பு” என்று இருந்தது. பதினேழு வருடமாகப் பிள்ளைகளின் எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் வட்டமிடுகிறவள் நான். அந்த “அன்ள்பு”வைப் பார்த்தபோதுதான் வயிற்றில் ஏதோ புரண்டது. பையனும் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

அது பக்கவாதம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் செய்ததை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. பையனை வீட்டுக்கு அனுப்பினேன் (இரண்டு மாடி கீழேதான் அவன் வீடு), கதவைப் பூட்டினேன், படுத்தேன். பயணக் களைப்பு, தூக்கமில்லை, அதுதான் என்று எனக்கு நானே சமாதானம். தனியாக இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்கிற வியாதி. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு இந்த மூவறை வீட்டில் நான் மட்டும்தான். தம்பி தஞ்சாவூரில். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தபோது பேச்சு பாதி திரும்பியிருந்தது, வலது கையில் மட்டும் ஒரு மரத்த உணர்வு. அதையும் பார்த்துக்கொண்டு, சோறு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மெதுவாக நடந்து புளோக்குக்குக் கீழே இருக்கிற கிளினிக்குக்குப் போனேன். வரிசையில் முப்பத்தொன்றாம் எண். டாக்டர் என்னை இரண்டு வாக்கியம் பேசச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், உடனே ஆம்புலன்ஸ் எண்ணான 995க்குத் தானே போன் போட்டார். மருத்துவமனைக்குள் ஸ்ட்ரெச்சர் நுழைந்தபோது மணி 3:40.

அங்கே என்னிடம் முதலில் கேட்ட கேள்வி: “கடைசியாக எப்போது நன்றாக இருந்தீர்கள்?” பத்து மணி என்றேன். அந்த இளம் டாக்டரின் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்து போனது. மூளை ரத்தக்குழாயில் இருக்கும் அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நான் ஏறக்குறைய ஐந்தே முக்கால் மணி நேரம் கழித்து வந்திருக்கிறேன். முகம் கோணுதல், கை தொங்குதல், பேச்சு குழறுதல், இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலே 995. சரியாகிவிட்டதே என்று படுக்கக்கூடாது, கிளினிக் வரிசையில் உட்காரக்கூடாது. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எங்காவது எழுதி வையுங்கள். தனியாக இருப்பவர்கள் போன் போட்ட கையோடு கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் பூட்டை உடைத்துக்கொண்டு நிற்கிற நேரம்கூட மூளையின் நேரம்தான்.

ஐந்து நாள் இருந்தேன். எம்ஆர்ஐயில் மூளையின் இடது பக்க மேற்பரப்பில், பேச்சுக்கான இடத்தருகே, பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் சுத்தம். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சரி. நான் புகைப்பதில்லை. வயது 42. ஒரு நாள் முழுக்க ஈசிஜி மாட்டிவிட்டார்கள், அதிலும் ஒன்றுமில்லை. எக்கோ (இதயத்தை ஒலியலையால் பார்க்கிற ஸ்கேன்) எடுத்தார்கள், “நார்மல்” என்று எழுதிக்கொடுத்தார்கள். கடைசியில், காரணம் தெரியாத பக்கவாதம் என்றார்கள். அதற்குக் கிரிப்டோஜெனிக் என்று ஒரு பெயரும் உண்டாம். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, நான்கு மாதம் கழித்து ஒரு அப்பாயின்ட்மென்ட். வீட்டுக்குப் போகலாம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்று சந்தோஷம்தான். காரணம் தெரியவில்லை என்றால் காரணமே இல்லை என்று என் மனம் மொழிபெயர்த்துக்கொண்டது. எந்தச் சோதனை இன்னும் பாக்கி இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. இன்றைக்கு யாராவது அந்த வார்த்தையோடு வீட்டுக்கு வந்தால் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான்: எக்கோவில் குமிழி விட்டுப் பார்த்தீர்களா (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்)? இதயத் துடிப்பை ஒரு நாளுக்கு மேல் கண்காணிக்க வேண்டுமா? காலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்தீர்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும். மாதவிடாய்ப் போக்கு அதிகமாக இருந்ததால் அப்போது ஒன்றரை வருடமாக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வார்டில் “வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா” என்று கேட்டபோது “இல்லை” என்றேன். பொய் சொல்லும் எண்ணமில்லை. பெண்கள் சாப்பிடுகிற மாத்திரை, அதைப் போய் மருந்து என்று சொல்வார்களா என்று நினைத்தேன், பக்கத்தில் ஓர் ஆண் டாக்டர் வேறு நின்றார். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள் ரத்தக்குழாய்களில் ரத்தம் கட்டும் வாய்ப்பைக் கூட்டும் என்பது எனக்கு மே மாதத்தில்தான் தெரிந்தது. அதோடு நாலு மணி நேர விமானப் பயணம், ஜன்னலோர இருக்கை, நடுவில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. அந்த நான்கு மாதமும் அதே மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினேன்.

ஆஸ்பிரின் மேல் எனக்கு அவ்வளவு பக்தி இல்லை. வயிறு எரிகிறது என்று வாரத்தில் மூன்று நாள் விட்டுவிடுவேன். ஊரிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் மருதம்பட்டைக் கஷாயம், பூண்டு லேகியம் என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். சிராங்கூன் சாலையில் அலைந்து அவற்றுக்கு மட்டும் 380 வெள்ளி. “முழு உடல் பரிசோதனை” என்று ஒரு பேக்கேஜ் 680 வெள்ளி, அதில் எலும்பு அடர்த்திவரை பார்த்தார்கள், எனக்கு வேண்டிய அந்த ஒன்றைத் தவிர. என் வருமானம் டியூஷன் மட்டும்தான். பதினோரு பிள்ளைகள், மாதம் 2,640 வெள்ளி. எம்சி (மருத்துவ விடுப்பு) போட்டாலும் எனக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை. சொல் தடுமாறிக்கொண்டிருந்த முதல் இரண்டு மாதம் பாடமே எடுக்கவில்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதுகிற நாலு பிள்ளைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தேர்வு என் நாக்குக்காகக் காத்திருக்குமா?

மே மாதம், தேக்கா ஈரச்சந்தை. முருங்கைக்காய் வாங்கிவிட்டு, பத்துக் கிலோ அரிசி மூட்டையை மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டியில் தூக்கி வைத்தேன். நிமிர்ந்தபோது வலது கை என்னுடையதாக இல்லை. காசை நீட்டினேன், நோட்டு விரலிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்து, “அக்கா, வாய் ஒரு பக்கமா இழுக்குது, உக்காருங்க, உக்காருங்க” என்று வெங்காய மூட்டை மேல் உட்கார வைத்து 995க்கு அடித்தார். பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தபோது “நல்லாயிட்டேன், வேண்டாம்” என்றேன். “அதெல்லாம் முடியாது” என்று அந்த அண்ணன்தான் என்னை ஏற்றிவிட்டார். இப்படி வந்து மறைவதை டிஐஏ என்கிறார்கள். அது வந்தவருக்கு அடுத்த சில நாட்களில் பெரிதாக வரும் ஆபத்து அதிகம் என்பதால் மறைந்துவிட்டது என்று திரும்பிப் போகக்கூடாது.

இந்தத் தடவை பார்த்த நரம்பியல் டாக்டர் ஓர் அம்மா. என்னைப் பேசவிட்டுக் கேட்டார். மூட்டை தூக்கியதைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார். “மூச்சைப் பிடிச்சு முக்கினீங்களா?” ஆமாம். “ஜனவரியில?” அன்று காலை பெட்டியைப் பரணில் ஏற்றி வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. “குமிழி டெஸ்ட் எடுத்துடுவோம்” என்றார்.

அந்தச் சோதனை பெயரைப் போலவே எளிது. கை நரம்பில் ஊசி குத்தி, இரண்டு சிரிஞ்சுகளை இணைத்து, உப்புநீரையும் கொஞ்சம் காற்றையும் இங்குமங்கும் வேகமாக அடிக்கிறார்கள். தண்ணீர் நுரைத்துப் பால் போலாகிறது. அதை உள்ளே செலுத்திக்கொண்டே எக்கோ திரையில் பார்க்கிறார்கள். குமிழிகள் இதயத்தின் வலது பக்கத்தை நிரப்ப வேண்டும், நுரையீரலுக்குப் போய் அங்கேயே வடிகட்டப்பட வேண்டும், இடது பக்கம் வரவே கூடாது. முதல் தடவை வரவில்லை. “இப்ப முக்குங்க... விடுங்க” என்றார்கள். விட்டேன். மூன்று துடிப்பு ஆவதற்குள் இடது பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள், மத்தாப்பு சிதறியது போல. டெக்னீஷியன் எண்ணுவதை விட்டுவிட்டார். இருபதுக்கு மேல் போனாலே பெரிது என்றார்கள். ஜனவரியில் எடுத்த எக்கோவில் குமிழியும் விடவில்லை, முக்கவும் சொல்லவில்லை. அதனால்தான் “நார்மல்”. அது பொய்யான ரிப்போர்ட் அல்ல, என் கேள்வி அதில் கேட்கப்படவே இல்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் தொண்டையில் மரப்பு மருந்து அடித்து, குழாய் விழுங்க வைத்து உள்ளிருந்தும் பார்த்தார்கள். இதயத்தின் நடுச்சுவரில் ஒரு துவாரம், அதோடு அந்தச் சுவரே காற்றில் திரைச்சீலை மாதிரி இரண்டு பக்கமும் ஆடுகிறதாம்.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் வேலை செய்வதில்லை. அதனால் ரத்தம் நேராக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதற்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு தள்ளுகதவு இருக்கும். பிறந்து மூச்சு விட்டதும் அது மூடிக்கொண்டு, பிறகு ஒட்டிவிடும். நாலு பேரில் ஒருவருக்கு ஒட்டுவதில்லை. பிஎஃப்ஓ என்பது இதுதான். பெரும்பாலானவர்கள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் எண்பது வயது வரை வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். காலில் ஒரு சின்னக் கட்டி உருவாகி மேலே வரும் அதே நொடியில் முக்கினாலோ தும்மினாலோ வலது பக்கத்தில் அழுத்தம் கூடிக் கதவு திறந்துகொள்கிறது. நுரையீரலில் மாட்ட வேண்டிய கட்டி மூளைக்குப் போய்விடுகிறது. ஜனவரியில் என் வாயிலிருந்து “கதவு” என்ற சொல்தான் வந்தது என்பதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன்.

எனக்கு அன்றைக்கே அதை மூடிவிட வேண்டும். கோபம் வேறு. நான்கு மாதம் முன்பே கண்டுபிடித்திருக்கலாமே! டாக்டரம்மாதான் பிரேக் போட்டார். நாலில் ஒருவருக்கு இருக்கிற ஒன்று உங்களிடமும் இருக்கிறது என்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது என்றார். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஒளிந்திருந்தால், துவாரத்தை மூடியும் பயனில்லை, அதற்கு வேறு மருந்து. ஆகவே நெஞ்சில் ஒரு பட்டையை ஒட்டி இரண்டு வாரம். நம் ஊர் வெயிலில் அது அரித்த அரிப்பு இருக்கிறதே! அதில் ஒன்றும் இல்லை. கால் ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. “ஜனவரியிலேயே பார்த்திருந்தால் கட்டி அகப்பட்டிருக்கலாம், இப்போது கரைந்திருக்கும்” என்றார். ஹார்மோன் மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார்.

பிறகு ஒரு கணக்குப் போட்டார். ரோப் என்று ஒரு மதிப்பெண் முறை, பத்துக்கு. வயது குறையக் குறைய மதிப்பெண் கூடும். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, முந்தைய பக்கவாதம் இவை இல்லை என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, பாதிப்பு மூளையின் மேற்பரப்பில் இருந்தால் ஒன்று. ஜனவரி நிலவரத்தில் எனக்கு 8. மதிப்பெண் கூடினால் துவாரமே காரணமாக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை, மதிப்பெண் கூடினவர்களுக்கு மறுபடி வரும் ஆபத்து பொதுவாகக் குறைவு. மருந்து மட்டும் சாப்பிடுகிறவர்களில் ஆண்டுக்கு நூறில் ஒருவருக்கு மறுபடி வரலாம் என்கிற அளவில்தான் இருக்கிறது. அதனால் நாளைக்கே மூடாவிட்டால் செத்துவிடுவோம் என்று பயப்படுகிற விஷயம் இல்லை. நிதானமாகக் கேட்டு முடிவெடுக்க நேரம் இருக்கிறது. எனக்கு இதைக் கேட்டபோதுதான் மூன்று வாரத்துக்குப் பிறகு தூக்கம் வந்தது.

இணையத்தில் தேடினால் தலை சுற்றும். 2012, 2013இல் வந்த ஆய்வுகள் மூடுவதால் பயன் நிரூபணமாகவில்லை என்னும், பிறகு வந்தவை பயன் உண்டு என்னும். திருப்பம் 2017இல். பெரும்பாலும் பிரான்சில் நடந்த ‘குளோஸ்’ ஆய்வில், என்னைப் போலப் பெரிய கசிவோ ஆடுகிற சுவரோ உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூடிக்கொண்ட 238 பேரில் ஏறத்தாழ ஐந்து வருடத்தில் ஒருவருக்கும் மறுபடி பக்கவாதம் வரவில்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்ட 235 பேரில் 14 பேருக்கு வந்தது. ஆகவே எதையாவது படித்தால் முதலில் வருடத்தைப் பாருங்கள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் 60 வயதுவரை உள்ளவர்கள்தான் இருந்தார்கள். எழுபது வயது அப்பாவுக்குத் துவாரம் கண்டுபிடித்தார்கள் என்றால் அவருக்குக் கணக்கு வேறு. தம்பி சென்னைக்கு வந்துவிடு அக்கா, செலவு குறையும் என்றான். செலவு குறையலாம், ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் என்று பார்க்கப்போகிறவர்கள் இங்கே. இங்கேயே செய்வதென்று முடிவெடுத்தேன்.

காப்புறுதி பற்றித் தனியாக ஒரு புலம்பல். கொடிய நோய்க் காப்புறுதி ஒன்றுக்குப் பதினான்கு வருடமாக மாதம் 96 வெள்ளி கட்டுகிறேன். பக்கவாதம் வந்தால் காசு வரும் என்றுதான் நினைத்தேன். இங்கே அந்தப் பாலிசிகளில் பக்கவாதம் என்றால் நிரந்தரப் பாதிப்புள்ள பக்கவாதம். குறைந்தது ஆறு வாரம் கழித்தும் பாதிப்பு இருக்கிறது என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்ய வேண்டும், டிஐஏ கணக்கில் வராது. எனக்குப் பேச்சு திரும்பிவிட்டது, ஆகவே ஒரு காசும் இல்லை. நன்றாக ஆனதற்கு அபராதம் கட்டியது போலிருந்தது. கைகொடுத்தது, அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபோடு சேர்ந்த தனியார் ஷீல்டு பிளான்தான். சிகிச்சைக்கு முன்பே அனுமதிக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். முதலில் “இது ஏற்கெனவே இருந்த பிறவிக் குறைதானே” என்று இழுத்தார்கள், டாக்டர் எழுதிய கடிதம் போன பிறகு மூன்று வாரத்தில் ஒத்துக்கொண்டார்கள். மொத்த பில் 23,400 வெள்ளி, என் பங்கு ஐந்து விழுக்காடு, 1,170. மாத்திரைச் செலவுக்கு மெடிசேவ் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம், நாட்பட்ட நோய்கள் பட்டியலில் பக்கவாதமும் இருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் மருத்துவ சமூக சேவகர், அதுவும் நானாகப் போய்க் கேட்ட பிறகு.

ஆகஸ்டில் மூடினார்கள். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. வலது தொடை மடிப்பில் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஏற்றி, இரண்டு சின்னக் குடைகளை முதுகோடு முதுகாக ஒட்டியது போன்ற ஒரு வலையைச் சுவரின் இரு பக்கமும் விரித்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம், ஒரு ராத்திரி வார்டில். வலை நிட்டினால் என்ற உலோகம், அதில் நிக்கல் உண்டு. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில மாதங்களில் அதன் மேல் நம் சதையே வளர்ந்து மூடிக்கொள்ளும். அதுவரை ரத்தம் கட்டாமலிருக்க இரண்டு மாத்திரை, ஆஸ்பிரினும் குளோப்பிடோகிரெலும். இந்தத் தடவை ஒரு வேளைகூட விடவில்லை. வயிற்றெரிச்சலைச் சொன்னேன், அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் அப்போதே கொடுத்திருப்பார்கள்.

மூன்றாம் வாரம் நள்ளிரவில் நெஞ்சுக்குள் கோழி சிறகடிப்பது போல ஒரு படபடப்பு. இந்த முறை படுக்கவில்லை. பக்கத்து வீட்டு மக்சிக்கின் (மலாய்க்கார அத்தை) கதவைத் தட்டினேன், அவர் தொழுகைத் துணியோடே என்னுடன் ஆம்புலன்ஸில் ஏறினார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான். மூடிக்கொண்டவர்களில் இருபதில் ஒருவருக்கு முதல் சில வாரங்களில் இது வருமாம், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடுமாம். கையெழுத்து வாங்கும்போது சொல்லியிருக்கிறார்கள், என் காதில்தான் ஏறவில்லை. விடிவதற்குள் அடங்கியது. ஒப்புதல் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது பல். நவம்பரில் கடைவாய்ப்பல் வலித்தபோது நல்லவேளையாக முதலில் இதய கிளினிக்குக்குப் போன் செய்தேன். வலை வைத்து ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்குவது, ஈறில் கைவைப்பது என்றால் முன்பே ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கிருமி ரத்தத்தில் கலந்து வலையில் தங்கலாம். பல் டாக்டர் என்னிடம் இதயம் பற்றிக் கேட்கவே இல்லை, நானாகத்தான் வலை வைத்திருப்பதைச் சொல்லும் கார்டை எடுத்து நீட்டினேன்.

பிப்ரவரியில் மறுபடி குமிழி விட்டார்கள். முக்கச் சொன்னார்கள், விட்டேன், இடது பக்கம் கறுப்பாகவே இருந்தது. ஒரே ஒரு குமிழி மட்டும் ஏதோ வழிதவறி வந்தது போல மிதந்து போனது. அது கணக்கில்லை என்றார்கள். ஆஸ்பிரின் மட்டும் தொடர்கிறது. டியூஷனில் இப்போது ஒன்பது பேர். அசதியான நாளில் இன்றைக்கும் ஒரு சொல் கொஞ்சம் தாமதமாக வரும், பிள்ளைகள் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.

போன மாதம் திருச்சிக்குப் புறப்படும்போது, முழங்கால்வரை இறுக்கமான காலுறை, நடைபாதையோர இருக்கை, மணிக்கொரு தடவை எழுந்து நடப்பது என்று தயாராக இருந்தேன். பெட்டியை மேலே வைக்க விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். கீழ்வீட்டுப் பையன் முதல் நாளே வந்து, “டீச்சர், இதயத்துல இருக்கிற கம்பிக்கு சாங்கி ஏர்போர்ட்டுல மெஷின் சத்தம் போடுமா?” என்று கேட்டிருந்தான். கார்டைக் கையில் பிடித்துக்கொண்டே நுழைந்தேன். சத்தம் போடவில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் அவன் அம்மா போனுக்கு “கத்தவில்லை என்று சொல்லுங்கள்” என்று எழுதி அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.